கண்டலின் குடி

ரொறன்ரோ
14.01.2024

அன்புள்ள விதுர்ஷாவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். அம்மா சுகமா? கொக்கட்டிச்சோலையில் வயல் வட்டையெல்லாம் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். உங்கள் வேளாண்மை தப்பியதா? இங்கே குளிரில் என் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் வெளியே போகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. நீ கதை எழுதி நான் கணினியில் செய்த நம்முடைய ‘வாவிக் காவல்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு இங்கே ஒரு கம்பனி பிடிபட்டுவிட்டது! முதல் பாகத்தில் மீன்பிடிக்கிற கண்டல் என்ற பாத்திரத்தை ஆணாகவும் ஆடலாம், பெண்ணாகவும் ஆடலாம் என்று விட்டிருந்தோம் அல்லவா? இது கண்டலின் மகளுடைய கதை. ஆகவே உண்மையான கண்டல் ஆணா பெண்ணா என்று முடிவாகச் சொல்லக் கேட்டார்கள். ஆண் என்று சொல்லிவிட்டேன். கோபிக்காதே. தனியாகத் தோணியில் போய் வீச்சுவலை எறிகிற பெண்ணை ஆட்கள் நம்பமாட்டார்கள். ஒரு துண்டு வீடியோ அனுப்புகிறேன், பார்.

உன் ஜெனி


கொக்கட்டிச்சோலை
20.01.2024

அன்புள்ள ஜெனி,

வேளாண்மை பாதி போய்விட்டது. அதைவிட உன் கடிதம்தான் வயிற்றெரிச்சல்.

நம்பமாட்டார்களா? அப்பா செத்த பிறகு எங்கள் மூன்று பேரையும் வளர்த்தது எந்த வலை? கண்டலை நான் அம்மாவைப் பார்த்துத்தான் எழுதினேன். மண்முனைத் துறையில் அம்மா வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்து, இடது கையால் சுழற்றி வீசியதை ஒரு பகல் முழுக்கப் படம் பிடித்தது நீதானே! அந்த வீச்சைத்தானே அப்படியே கண்டலுக்குப் போட்டாய்? மத்தியானம் எங்கள் வீட்டில் மணலை மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாய்.

வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். “ஆரு புள்ள இந்த மீசக்காரன்? என்ட கையால வீசுறான்” என்று கேட்டார். பிறகு எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாற்று, ஜெனி. கெஞ்சிக் கேட்கிறேன்.

விதுர்ஷா


ரொறன்ரோ
02.02.2024

அன்புள்ள விதுர்ஷா,

உன் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒரு அம்மாவுக்காக உலகச் சந்தையை மாற்ற ஏலாது. நடந்தது வேறு, நம்புவது வேறு. கண்டல் ஆம்பிளைதான், இனி அதைப் பேசாதே.

முழுக்கதையை இத்துடன் அனுப்புகிறேன். ஊர் வழக்கத்தில் பிழை இருந்தால் திருத்திவிடு. எங்கள் வீட்டில் மாதாவும் செபமாலையும்தான். கோயில் முறையெல்லாம் எனக்குப் பிடிபடாது. கண்டல் செத்த பிறகு மகள் கோயிலுக்குப் போய், தகப்பனின் குடியை, அதாவது வம்சத்தைச் சொல்லி, அந்தக் குடிக்குரிய கோயில் மரியாதையான வெள்ளிப் பிரம்பைக் கேட்டு வாங்குகிறாள். அதுதான் முக்கியமான கட்டம். பிரம்பு கிடைத்தால்தான் மிச்சக் கதை.

நன்றிப் பட்டியலில் ‘ஊர்த் தகவல் உதவி’ என்று உன் பெயரும் வரும்.

ஜெனி


கொக்கட்டிச்சோலை
25.02.2024

அன்புள்ள ஜெனி,

முழுவதையும் இரண்டு தரம் வாசித்தேன். நண்டுக்கூட்டை நடு வாவியில் வைத்திருக்கிறாய், கரையோரம் வை. மாரியில் வெள்ளரி காய்க்க விட்டிருக்கிறாய், அதை எடு.

கோயில் கட்டத்தில் நான் கை வைக்கவில்லை. நீ எழுதியபடியே போடு. எது நம்பும்படி இருக்கும் என்பது என்னைவிட உனக்குத்தான் தெரியுமே.

அம்மா நல்ல சுகம். நீ நன்றாக இரு.

அன்புடன்
விதுர்ஷா


ரொறன்ரோ
09.08.2025

என் அன்பான விதுர்ஷா,

ஒன்றரை வருஷமாக எழுதாததற்கு மன்னித்துக்கொள்.

விளையாட்டு வெளிவந்து பத்து நாள். காத்தான்குடியில் நுஸ்ரா என்றொரு பிள்ளை ஆடிக்காட்டி வீடியோ போட்டிருக்கிறாள். கோயில் கட்டம் வந்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அப்பன்ட குடிய மகள் சொல்றாவாம்! இது எந்த ஊரு வழக்கம் கா? தாய்ட குடிதானே புள்ளைக்கு! எங்கட ஊட்டுலயும் அப்படித்தானே!” மட்டக்களப்பே சேர்ந்து சிரிக்கிறது. ‘உண்மையான மட்டக்களப்பு’ என்று விளம்பரம் போட்டவர்கள் நாங்கள். கம்பனிக்காரர் என்னைக் கூப்பிட்டு, ஊர்க்காரரே நம்பாத கதையா என்று கேட்டார்கள். என் வேலை போகப்போகிறது.

உனக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. ஏன் சொல்லவில்லை?

சரி, விடு. ஒரு வழி இருக்கிறது. கண்டல் பெண் என்றால் எல்லாம் பொருந்துகிறது! மகள் சொன்னது தாயின் குடி ஆகிவிடும். ‘கண்டல் தொடக்கம் முதல் பெண்தான்’ என்று கதை எழுதியவள் நீ ஒரு கடிதம் தா. அம்மாவுக்கும் சந்தோஷமாக இருக்கும் அல்லவா?

உன் ஜெனி


கொக்கட்டிச்சோலை
16.08.2025

ஜெனிஸ்டனுக்கு (இனி ஜெனி என்று எழுத மனமில்லை),

ஓம், தெரியும். அந்தப் பக்கத்தை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். தகப்பனை வெட்டித் தாய் என்று எழுதியிருந்தால் போதும், பேனாவும் கையில் இருந்தது. எழுதவில்லை. ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நுஸ்ராவின் வீடியோவை ஆறு தரம் பார்த்தேன். மனம் குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன்.

கடிதம் தரமாட்டேன். கண்டல் பெண் என்று அன்றைக்குக் கெஞ்சினேன், உனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்றைக்கு வேலை போகுது என்றதும் வந்துவிட்டது. உன் ஆம்பிளை ஆம்பிளையாகவே இருக்கட்டும். அவன் மகள் அந்தக் கோயில் வாசலிலேயே நிற்கட்டும்.

இன்னொன்று. தன் வீச்சை எடுத்துக்கொள்ளச் சொல்லி அம்மா எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கவில்லை. அதைக் கழற்றச் சொல்லி உன் கம்பனிக்கு நேற்று எழுதிவிட்டேன், நீ படம் பிடித்த அன்றைய போட்டோக்களோடு.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வலைக்கு ஈய மணி கோத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

“அவன அவன்ட கையால வீசச் சொல்லு புள்ள,” என்றார். “மறுகா மீன் நம்புதா எண்டு பாப்பம்.”

பூமணியின் மகள்
விதுர்ஷா