உனக்கு மறுத்த சில துளிகள்

என் அருமைத் தங்கை பாக்கியம்,

நீ இறந்த முப்பதாம் நாள் ஜெபம் நேற்று கருங்கல் ஊரில் உன் வீட்டில் நடந்தது. சாப்பாடு முடிந்ததும், சபைக்கு மூப்பரான உன் கணவர் அலமாரியைத் திறந்து அரிஷ்டத்தை எடுத்துக் குடித்தார். அந்த நெடி என் வரை அடித்தது.

“மூப்பரே, இதிலயும் சாராயம் உண்டுமே?” என்றேன்.

“இது மருந்தாக்கும் மைனி!”

அப்படியானால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது என்னவாம்? கர்ப்பப்பைப் புற்று இடுப்பு நரம்புகளைப் பிடித்துவிட்டது, அபினுக்கும் வலி கேட்கவில்லை. அவர் இரண்டு வழி சொன்னார். வயிற்றைத் திறந்து, இடுப்பெலும்புக்கு முன்னால் ஓடும் நரம்புக் கற்றையை அறுக்கலாம். ஆனால் நோய் பரவிவிட்டதால் வலி முழுதும் போகாது, உன் உடம்பும் கத்தியைத் தாங்காது. மற்றது ஊசி. முதுகெலும்புக்குள் சில துளி சுத்தச் சாராயம் செலுத்தினால் வலியைக் கொண்டுபோகும் நரம்பு வேர்கள் மரத்துப்போகும். சில மாதம் நிம்மதி. சிறுநீர் அடங்காமல் போகலாம், கால் தளரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நீ உடனே சொன்னாய்: “மூத்திரம் போனா துணி மாத்திக்கிடலாம் எக்கா. சாகதுக்கு மின்ன ஒரு நாளாவது மலந்து கெடந்து ஒறங்கணும்.”

உன் கணவர் ஊசிக்கான சம்மதக் காகிதத்தைத் தள்ளிவிட்டார். “மதுவிலக்குக்குச் சபையில கையெழுத்துப் போட்டவளாக்கும். அவ முதுகுல சாராயம் ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன்.”

கையெழுத்துப் போட்டவள் நீ. உன்னை யார் கேட்டார்கள்?

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். கான்வென்ட்டில் இங்கிலீஷும் இலக்கணமும் படித்த நான், ஆண்கள் நின்ற வராந்தாவில் கர்ப்பப்பை என்று சொல்ல நாக்கூசி நின்றேன். அதன்பின் சாகும்வரை பத்தொன்பது நாள் நீ குப்புறக் கிடந்து தலையணையைக் கடித்தாய். அவர் மேல் வந்த அருவருப்பு கண்ணாடி பார்க்கும்போது என் மேலும் வருகிறது. அதை எங்கே போய்க் கழுவுவேன்?

ஒரு செய்தி. இனயத்தில் மீன் விற்கும் ஒருத்தி இப்போது ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கட்டிலில் கிடக்கிறாள். அதே நோய், டாக்டரம்மா சொல்வதும் அதே ஊசி. அவள் புருஷன் உன் கணவரிடம் யோசனை கேட்கப் போகிறானாம். நாளைக் காலை அவன் கேட்டுவிட்டு வருமுன் நான் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருப்பேன்.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அவர்கள் போடாவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறவர்கள் காதில் விழ, கோயில் வாசலில் நின்று நானே வாசிப்பேன். கர்ப்பப்பை என்ற சொல்லையும் விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அன்று வாய் திறக்காத
உன் அக்கா