பூப்போட்ட கோப்பை

பேராதனை, செவ்வாய் இரவு

செல்வியின் மேல் எனக்குப் பொறாமை. இங்கேயாவது அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிகளில் தமிழ் நோயாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்ற ஆய்வுக்காக, இன்றும் நானும் எனக்கு உதவியாளாக வரும் செல்வியும் கடுகண்ணாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே கொழுந்து பறிக்கும் மாரியாயி கதிரையைத் துடைத்து என்னை வாசலில் இருத்தினார். பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி தந்தார். செல்வி உள்ளே அடுப்படியில் குந்தி, அவர்கள் குடிக்கும் நெளிந்த டம்ளரிலேயே குடித்தாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான்.

"நாங்கள் அரசாங்க ஆக்களும் இல்லை, ஆஸ்பத்திரி ஆக்களும் இல்லை. பயப்பிடாமல் சொல்லுங்கோ," என்றேன்.

"எல்லாம் நல்லாத்தாங்க பார்த்தாங்க," என்றார் மாரியாயி.

பிறகு அடுப்படியில் ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்டது, அழுகையும் கேட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கம்பஸில் பட்டம் எடுத்த எனக்கு ஒரு வரி. அவளுக்கு நாலு பக்கம்.

திரும்பும் பஸ்ஸில் அவளுடைய குறிப்புக் கொப்பியைப் பறித்து வாசித்தேன். மாரியாயிக்குப் பிள்ளை செத்துப் பிறந்த கதை. அசைவு நின்றதை ஏன் வார்டில் சொல்லவில்லை என்று செல்வி கேட்டிருக்கிறாள். பதிலைக் கோடு போட்டு வெட்டியிருந்தாள்.

"அது வேணாங்க மிஸ்," என்று கையால் மறைத்தாள். நான் கையை விலக்கி, வெட்டியிருந்த மாரியாயியின் பதிலை வாசித்தேன்.

"அங்க ஒரு தமிழ் நர்ஸ் இருந்தாங்க. வெளிய கதிரையில இருக்காங்களே, அவங்க மாதிரியேதான் பேசினாங்க. எனக்கு வாயே வரல."

அந்த வரியை இப்போது என் கையாலேயே திரும்ப எழுதி வைத்திருக்கிறேன். என்னைப் பற்றிய உண்மையைக்கூட மாரியாயி அவளிடம்தானே சொல்லியிருக்கிறார்.