மத்தி டப்பாவுக்கு ஐந்து நட்சத்திரம்

ஏப்ரல் 3, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு நானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டேன்.

குளிர்காலத்திலிருந்தே மத்தி டப்பா மூடியில் அதை அடுக்கியவளின் எண்ணை ஒட்டுகிறோம். என் எண் பன்னிரண்டு. சாப்பிடுகிறவர்கள் அந்த மூடியைக் கைபேசியில் காட்டினால் என் பெயர் வருமாம். நட்சத்திரம் போடலாமாம், வாய்க்கு வந்ததை எழுதலாமாம். திங்கள்கிழமைதான் தொடங்கியது. ஆலைக் குப்பையில் கிடந்த என் மூடி ஒன்றை எடுத்துவந்து, தங்கை மகள் நூஹைலாவின் கைபேசியில் காட்டி, ஐந்தையும் அழுத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். "இவ்வளவு அழகாக மீன் அடுக்குகிறவளுக்கு இன்னொரு மாப்பிள்ளை பார்க்கக் கூடாதா?" என்றும் எழுதினேன்.

அது ஆலைச் சுவரில் புதிதாக மாட்டிய பெரிய திரையில் வரும் என்று யார் கண்டது? நாற்பத்தெட்டுப் பெண்களும் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எதிரில் நின்று மீன் வெட்டி அடுக்கும் மஹ்ஜூபா, "அடியே ஹனிய்யா, புருஷன் செத்து ஒன்பது வருஷம் கழிச்சு மத்தியைத் தூது விட்ட ஒரே பொம்பளை நீதான்டி" என்றாள்.

பள்ளிவாசல் எழுத்து வகுப்பு ஆசிரியை தினம் நாலு வரி எழுதச் சொன்னாள். நாலு எப்போதோ தாண்டிவிட்டது. கை வலிக்கிறது.

ஏப்ரல் 8, திங்கள்

முதலாளியின் மருமகன் நௌஃபல் இன்று பெட்டிமேல் ஏறி நின்று பேசினான். காசாபிளாங்காவில் படித்துவிட்டு வந்தவன். நல்ல பிள்ளைதான், சட்டையில் மட்டும் மீன் வாடையே இருக்காது.

"இனிமே வாங்குறவங்கதான் முதலாளி. அவங்க சொல்றதை நாம கேப்போம்."

"அப்ப சம்பளத்தையும் அவங்ககிட்டயே கேக்கலாமா மகனே?" என்றேன்.

அவனும் சிரித்தான். பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னான். நட்சத்திரக் கணக்கு வாராவாரம் புதிதாகத் தொடங்கும். பெருநாள் முடிந்த வாரத்தில் கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்களுக்கு அப்புறம் வேலை இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

திரையில் மஹ்ஜூபா நாற்பத்தேழாம் இடம். அவள் எண் முப்பத்தொன்றுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "வாலெல்லாம் நொறுங்கிக் கிடக்கிறது. பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது."

ஏப்ரல் 9, செவ்வாய்

கால் இரண்டும் என்னுடையவை இல்லை. இன்று இவ்வளவுதான்.

ஏப்ரல் 15, திங்கள்

மஹ்ஜூபாவின் விரல் முட்டிகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கின்றன. இருபத்தாறு வருஷம் ஐஸ் தண்ணீரில் ஊறிய கை. வால் நொறுங்காமல் என்ன செய்யும்? அவளுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷ வேலை நாட்கள் வேண்டும். எனக்கு அந்த நாட்கள் போன வருஷமே நிரம்பிவிட்டன. வயதுதான் வர வேண்டும், அது கேட்காமலே வந்துகொண்டிருக்கிறது.

தேநீர் வேளையில் என் எண் அச்சடித்த ஒட்டுச் சுருளை அவள் பையில் போட்டேன். அவளுடையதை எடுத்துக்கொண்டேன்.

"இது என்னடி?"

"இன்னையிலேர்ந்து நீ பன்னிரண்டு, நான் முப்பத்தொண்ணு."

"உனக்குக் கிறுக்கா? உன் பேரு நாறிப்போயிடும்."

"மாப்பிள்ளை கேட்டப்பவே நாறிடுச்சு. இனிமே என்ன?"

சுருளைப் பையின் அடியில் தள்ளினாள். பிறகு, "கடைசி மீனை வயிறு மேல பாக்கத் திருப்பி வெப்பியே, அதை விட்டுடு. கண்டுபிடிச்சுடுவாங்க" என்றாள். விட முடியுமா? முப்பது வருஷப் பழக்கம், கை தானாகத் திருப்புகிறது.

ஏப்ரல் 29, திங்கள்

இரண்டு வாரம் ஆகிவிட்டது. திரையில் மஹ்ஜூபா அதே நாற்பத்தேழு. நான் நாலாவது. ஏன்? நான் என்ன அவ்வளவு மோசமாகவா அடுக்குகிறேன்?

கிடங்குக்காரர் பூஷஅய்பிடம், "நல்லா அடுக்கினா எத்தனை நாள்ல நட்சத்திரம் வரும்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவர் டப்பா மலையைக் காட்டினார்.

"நீ ஏப்ரல்ல அடுக்கினது இதோ இங்க உக்காந்திருக்கு. எண்ணெய் ஊற ஒன்றரை மாசம். இன்னைக்குத் திங்கிறது நீங்க குளிர்ல அடுக்கினது. முப்பது வருஷமா மத்தி அடுக்குறவளுக்கு இதை நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியிருந்ததே. எனக்குத் தெரியாததா? அந்தத் திரை வந்ததிலிருந்து மீனையே மறந்துவிட்டேன்.

விரல் விட்டு எண்ணினேன். மே 27ஆம் தேதிதான் நாங்கள் எண்ணை மாற்றி ஒட்டிய டப்பாக்கள் வெளியே போகும். பெருநாள் ஜூன் ஐந்தாம் தேதி வாக்கில்.

மே 9, வியாழன்

நோன்பு மூன்றாம் நாள். ஹரீராக் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். நூஹைலா கரண்டியைக் கையிலிருந்து வாங்கினாளாம்.

மே 27, திங்கள்

லாரி போய்விட்டது. மஹ்ஜூபாவும் நானும் வாசலில் நின்று பார்த்தோம். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியது போல இருந்தது. கட்டிக்கொடுக்க எனக்குப் பெண் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஜூன் 3, திங்கள்

மஹ்ஜூபா முப்பதாம் இடம்! நான் இருபத்தெட்டாம் இடம்.

ஒட்டுச் சுருளைக் கேட்டு அழுதாள். "போதும்டி, மாத்திக்கலாம்." கொடுத்தேன். கொடுத்து என்ன? ஒன்றரை மாதமாக மாற்றி ஒட்டியது அத்தனையும் கிடங்கில் இருக்கிறது. வாரா வாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். வலையை விரித்த பிறகு கடலிடம் போய்ச் சொல்ல முடியுமா?

ஜூன் 12, புதன்

கடைசி மூன்று பெயர்களை வாசித்தார்கள். முதல் பெயர் காதில் விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. மூன்றாவது ஹனிய்யா.

மஹ்ஜூபா மூன்றாம் இடம். மேலேயிருந்து.

ஜூன் 14, வெள்ளி

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் மஹ்ஜூபா நௌஃபலிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மதியம் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் தட்டோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொன்னாள்.

"நம்பவே மாட்டேங்கிறான்டி. 'ஜனங்க போட்ட நட்சத்திரம் பொய் சொல்லாது அம்மா. தோழிக்காகப் பழியை ஏத்துக்கிறீங்களே, உங்க மனசு யாருக்கு வரும்'ங்கிறான். அதையே எழுதித் திரையிலயும் போட்டுட்டான்."

"எத்தனை நட்சத்திரம் வந்துச்சு?"

"எடு செருப்பை!"

கூஸ்கூஸில் பூசணிக்காய் அதிகம். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவளை இனிமேல் மீன் வெட்ட வேண்டாம் என்றானாம். ஆலை பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக்காட்டினால் போதுமாம். கை தண்ணீரில் படாது. நாட்கள் ஏறும். இதற்குத்தானே செய்தேன்? இதற்குத்தான். அப்புறம் ஏன்... தெரியவில்லை. அசதி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

காலையில் எழுந்து ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்ன ஆலையில் வாரம் இரண்டு நாள் கூப்பிடுகிறார்கள். அங்கே திரை இல்லை. மேற்பார்வைக்காரி இருக்கிறாள், அவள் நட்சத்திரம் போடுவதில்லை, திட்டுகிறாள். பழகிய பாஷை.

வரும் வழியில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மத்தி டப்பா ஒன்றைக் கடையில் வாங்கினேன். மூடியில் முப்பத்தொன்று. திறந்தேன். வரிசை தலையும் வாலுமாகக் கச்சிதமாக இருந்தது. கடைசி மீன் வயிறு மேலே பார்க்க மினுமினுத்தது.

நூஹைலாவின் கைபேசியை வாங்கி மூடியைக் காட்டினேன். "இந்த டப்பாவை அடுக்கியவர்: மஹ்ஜூபா" என்று வந்தது. அவளுக்கு ஐந்து நட்சத்திரம் போடப் போனேன். விரலில் எண்ணெய் இருந்தது. முதல் நட்சத்திரத்திலேயே அழுந்திவிட்டது. ஒரு மூடிக்கு ஒரு தடவைதானாம், திருத்த முடியாதாம்.

ரொட்டியைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். மத்தி நன்றாக இருந்தது.