நான் நடித்துக் காட்டிய அக்கா

மார்ச் 3, செவ்வாய்

இன்று பரிசோதனைக்கூடத்தில் பதினான்கு பேருக்கு ரத்தம் எடுத்தேன். சட்டையில் ‘பயிற்சி மாணவர்’ என்று எழுதியிருப்பதைப் படித்ததும் பாதிப் பேர் நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “முடிஞ்சதும் சொல்லுப்பா” என்றார். முடிந்து பஞ்சு வைத்த பிறகும் நம்பவில்லை.

மாலை ஒத்திகை. மனநோய் ஒரு சாபமோ அவமானமோ அல்ல என்று தெருத்தெருவாகப் போய்ச் சொல்ல ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம். எங்கள் தலைவனுக்கு ‘மைக்’ என்று பெயர். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். நாடகம் கால்மணி நேரம்: மனம் கலங்கிப்போன ஒருவனை ஊர் விரட்டுகிறது, ஒரு நண்பன் மட்டும் மருத்துவரிடம் கூட்டிப்போகிறான்.

அந்த நோயாளி வேடம்தான் யாருக்கும் வரவில்லை. தலையைக் கலைத்துக்கொண்டு கத்தினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “யாரும் இப்படி இருக்க மாட்டாங்கடா” என்று எழுந்து செய்து காட்டினேன். கை வீசாத நடை. சின்னச் சின்ன அடிகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கும் நடுக்கம். பிறகு குழாய் முன்னால் நின்று, அது பேசுவதை நிறுத்த அதன் வாயை உள்ளங்கையால் பொத்துவது.

தலையைக் கலைத்துக்கொண்டிருந்தவன் கையை இறக்கினான்.

“எங்கடா கத்துக்கிட்ட?” என்றான் மைக்.

“எங்க வீட்டுப் பக்கத்துல ஒருத்தர் இருந்தார்.”

பக்கத்தில்தான். அடுத்த அறையில்.

மார்ச் 4, புதன்

“ஒத்திகை எப்படிப் போச்சு?” என்று அக்கா கேட்டாள். நன்றாகப் போனது என்றேன். என்ன வேடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்?

மார்ச் 8, ஞாயிறு

சந்தையில் முதல் ஆட்டம். இருநூறு பேராவது நின்றிருப்பார்கள்.

ஒன்றை இங்கேயாவது உண்மையாக எழுத வேண்டும். நான் நடந்து வந்தபோது ஜனம் சிரித்தது. அழ வேண்டிய இடம் அது. ஒரு கணம் திகைத்தேன். அடுத்த கணம்—எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு பேர் என்னையே பார்க்கிறார்கள்! அடுத்த சுற்றில் நடுக்கத்தைக் கொஞ்சம் கூட்டினேன். குழாயைப் பொத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து ‘உஸ்’ என்றேன். அக்கா ஒருநாளும் ‘உஸ்’ என்றதில்லை. அது என் சொந்தச் சரக்கு. அதற்குத்தான் பலத்த சிரிப்பு.

“கூட்டத்தைக் கட்டிப் போட்டுட்ட மச்சான்!” என்றான் மைக். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு காதுக்குள் இனித்தது.

மார்ச் 10, செவ்வாய்

எங்கள் குழுவில் நர்ஸ் படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். இன்று தனியாகக் கேட்டாள்: “நீ செய்யிற அந்த நடுக்கம் நோயால வர்றது இல்ல, தெரியுமா? மாத்திரையால வர்றது. அதைக் கிட்ட இருந்து பார்க்காம இவ்வளவு சரியா செய்ய முடியாது. யாரைப் பார்த்த?”

“ஒரு வீடியோல பார்த்தேன்.”

நம்பினாளா என்று தெரியவில்லை. என் அக்கா கட்டட வரைபடம் வரைபவள், மூன்று வருடத்துக்கு முன் நோய் வந்து வேலையை விட்டவள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நாடகத்தின் கடைசி வசனமே என்னுடையதுதான்: ‘மறைக்க இது குற்றமில்லை!’ கையை உயர்த்திச் சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 14, சனி

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பேருந்து நிலையத்தில் பகல் பன்னிரண்டு மணி ஆட்டம். அம்மாவும் அக்காவும் மருத்துவரைப் பார்த்துவிட்டு அந்த வழியாகத்தான் திரும்புவார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஏன் யோசிக்கவில்லை?

நான் நடந்து வந்தேன். சிரிப்பு எழுந்தது. குழாய்ப் பக்கம் திரும்பினேன். முன்வரிசையில் அக்கா. கையில் மருந்துப் பை. அம்மா இரண்டு ஆள் தள்ளி.

நிறுத்தியிருக்கலாம். வசனம் மறந்ததுபோல நின்றிருக்கலாம். நிறுத்தலடா நீ! கூட்டம் காத்திருந்தது, அதனால் குழாயைப் பொத்தினேன். ‘உஸ்’ என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா என் விரல்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள்.

இதோடு முடிந்ததா? இல்லை. ஆட்டம் முடிந்ததும் மைக் செல்போனை நீட்டிக்கொண்டு கருத்துக் கேட்கக் கிளம்பினான். கூட்டத்தை விட்டுவிட்டு நேராக அவளிடம் போனான்.

“நாடகம் எப்படி இருந்துச்சு, மேடம்?”

“நல்லா இருந்துச்சு. அந்தப் பையன் நல்லா கவனிச்சுப் பார்த்திருக்கான்” என்றாள் அக்கா.

மூன்று அடி தூரத்தில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மைக் என் பக்கம் திரும்பினான். “உன்னையே பார்க்கிறாங்களே, தெரிஞ்சவங்களா?”

“எங்கயோ பார்த்த முகம் மாதிரி இருக்கு.”

சொன்னேன். என் வாயால், என் கூடப் பிறந்தவளைப் பார்த்து. அவளுக்குக் கேட்டது. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. பாத்திரம் தேய்க்கும் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

“பஸ்ல வரும்போது கேட்டா. ‘அம்மா, நான் அப்படியா நடக்கிறேன்?’னு கேட்டா. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு.”

நான் கழுவிய தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

“நானும்தான் ஊர்ல எல்லார்கிட்டயும் அவ வீட்ல இருந்தே வேலை பாக்குறான்னு சொல்லிட்டுத் திரியிறேன். நான் மறைச்சேன். நீ மறைக்கவும் மறைச்ச, விக்கவும் வித்த.”

மார்ச் 17, செவ்வாய்

நான் அறைக்குள் நுழைந்தால் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். நான் இருக்கும்போது எழுந்து நடப்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் நான் போகும்வரை காத்திருக்கிறாள்.

அதனால் பொழுது சாயும்வரை வெளியே சுற்றிவிட்டு வருகிறேன். பாவம், தாகமெடுத்தால் குடிக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

ஆச்சரியம். அக்காவின் நடுக்கம் குறைந்திருக்கிறது. இன்று கையை மறைக்கவில்லை. பழைய வரைபலகையை எடுத்துத் துடைத்து, ஒரு நேர்க்கோடு போட்டுக் காட்டினாள். அம்மாவின் முகத்தில் சிரிப்பு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நானும் மூச்சு விட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லையோ என்று ஒரு நினைப்பு. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 27, வெள்ளி

அக்கா மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். பதினான்காம் தேதியிலிருந்தே. பென்சில் பெட்டிக்குள் எல்லாம் அப்படியே இருந்தன. அதனால்தான் கை நடுங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

நான்கு நாளாகத் தூக்கமில்லை அவளுக்கு. இன்று காலை குளியலறையில் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நானும் அம்மாவும் கதவைத் தட்டினோம். உள்ளேயிருந்து, “சிரிக்கிறாங்க, கூட்டமா சிரிக்கிறாங்க, நிறுத்தச் சொல்லும்மா” என்று அழுதாள்.

முன்பெல்லாம் அவளுக்குக் குழாயின் குரல் ஒன்றுதான் கேட்கும். இந்தக் கூட்டத்தை அவளுக்குள் கொண்டுபோய் விட்டது நான்.

ஒரு மணி நேரம் கழித்து அவளே திறந்தாள். டாக்சி வந்தது. கீழ் வீட்டுக்காரர் படியில் நின்று “என்னாச்சு?” என்றார். அம்மா “காய்ச்சல்” என்றாள். நானும் “காய்ச்சல்தான்” என்றேன்.

மார்ச் 28, சனி

மருத்துவர் கேட்டார்: “மாத்திரையை ஏன் நிறுத்தினாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். முழுவதும் சொன்னேன், ‘உஸ்’ உட்பட. அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

“நடுக்கத்துக்கு வேற வழி இருக்கு. அவங்க எங்ககிட்ட சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருக்கலாம்” என்றார். சொல்லுமளவுக்கு அவளை நாங்கள் எங்கே வைத்திருந்தோம்?

மார்ச் 31, செவ்வாய்

குழுவில் சொல்லிவிட்டேன். நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் மைக் கருத்துக் கேட்டானே, அவள்தான் என் அக்கா என்றபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் மைக் மைக்தான். ஐந்து நிமிடத்தில் தேறிவிட்டான். “மச்சான், அவங்க குணமாகி வந்ததும் நம்ம மேடையில பேசச் சொல்லலாம்டா. அவங்களே வந்து சொன்னா எவ்ளோ பெரிய விஷயம்!” கெட்ட எண்ணம் கிடையாது அவனுக்கு. நானும் ஒரு மாதம் முன்பு அப்படித்தான் பேசியிருப்பேன்.

நர்ஸ் பெண்தான் அவனை அடக்கினாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “உங்க அக்கா என்ன வரைவாங்க? வீடா, பெரிய கட்டடமா?”

மூன்று வருடத்தில் அக்காவைப் பற்றி என்னிடம் யாரும் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி. வீடு என்றேன். சின்ன மனையிலும் ஜன்னலுக்கு இடம் கண்டுபிடித்துவிடுவாள் என்றேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

மருத்துவமனையில் அக்கா இன்று என்னைப் பார்க்கச் சம்மதித்தாள். புது மாத்திரையில் கண் சொக்கிக்கொண்டிருந்தது. ஆனால் பேச்சு தெளிவு.

“மன்னிச்சிடுக்கா.”

“எதுக்கு? நடிச்சதுக்கா, தெரியாதுன்னதுக்கா?”

“ரெண்டுக்கும்.”

“நடிச்சதுக்கு உன்னை ரெண்டு அறை அறைஞ்சிருப்பேன், அதோட போயிருக்கும். ‘எங்கயோ பார்த்த முகம்’னியே...” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எங்கடா பார்த்த? சொல்லு, எங்க பார்த்த?”

போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, நாடகத்தையே நிறுத்திவிடப் போகிறோம் என்றேன்.

“நிறுத்தினா எனக்கு என்ன வந்துடும்? நீ வேணா நல்லவனாயிடுவ. என்னை வச்சு இனிமே ஒண்ணும் பண்ணாத. உன்னை வச்சு என்ன வேணா பண்ணிக்க.”

ஏப்ரல் 9, வியாழன்

நாடகத்தைத் திருத்தி எழுதினோம். நோயாளி இனி ஓர் அக்கா; அவள் மேடைக்கு வர மாட்டாள். அவளுடைய தம்பி மட்டும்தான் வருவான். அந்த வேடம் எனக்கு.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “என் பொய்யும் இதுல இருக்கே” என்றாள். எடுத்துவிடவா என்றேன். “இருக்கட்டும்” என்றாள்.

ஏப்ரல் 13, திங்கள்

அக்காவிடமும் கேட்டுவிட்டேன். ‘உன் கதைடா அது, என்கிட்ட எதுக்குக் கேக்குற’ என்றாள். தான் வந்து பார்க்க முடியாது என்றும் சொன்னாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அதே பேருந்து நிலையம். வேறு இடம் போகலாமா என்று மைக் கேட்டான். வேண்டாம் என்றேன்.

அக்கா எங்கே என்று கேட்பவர்களுக்கெல்லாம் தம்பி ஒரு பொய் சொல்கிறான். நண்பனிடம் ஒன்று, கீழ் வீட்டுக்காரரிடம் ஒன்று. ஒருவரிடம் சொன்ன பொய் மற்றவரிடம் மாறிப்போகிறது. முதலில் சிலர் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு எனக்கானது, வாங்கிக்கொண்டேன். மூன்றாவது பொய்க்கு யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் கூட்டத்தில் அக்காவே நிற்பதாகப் பாவனை; வெற்றிடத்தைக் காட்டி, ‘தெரிஞ்சவங்களா?’ என்று நண்பன் கேட்கிறான். அந்த வசனத்தைச் சொன்னேன். சொன்ன பிறகு கை உயர்த்தி முழங்கும் வசனம் எதுவும் வைக்கவில்லை. “நான் நடிக்கலங்க. இது நான் செஞ்சது. போன மாசம், இதே இடத்துல” என்று மட்டும் சொன்னேன்.

கைதட்டல் இல்லை. ஜனம் மெதுவாகக் கலைந்தது. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். தோளில் பை மாட்டிய ஒருவர் எல்லாரும் போகும்வரை செருப்பைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்தார்.

“என் பையன் வெளியூர்ல படிக்கிறான்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார் தாழ்ந்த குரலில். “உங்க அக்காவுக்கு எந்த டாக்டர், தம்பி?”

எழுதிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 22, புதன்

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கீழ் வீட்டுக்காரர் படியில் பிடித்துக்கொண்டு, “காய்ச்சல் தேவலையாம்மா?” என்றார்.

“காய்ச்சல் இல்லைங்க, மனசுக்குச் சரியில்லாம இருந்தா, இப்ப தேவலை” என்றேன். அவர் “ஓ...” என்றார். பிறகு, “பார்த்து, மூணாவது படி வழுக்கும்” என்றார். அவ்வளவுதான்! இதற்காகவா மூன்று வருடம்?

அக்கா மூன்றாவது படியைப் பார்த்துத் தாண்டினாள். அம்மா வீட்டுக்குள் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மே 3, ஞாயிறு

அக்காவுக்கு இன்னும் பகலில் தூக்கம் வருகிறது. நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். நானும் வற்புறுத்துவதில்லை.

இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அக்கா எழுந்து, “அம்மா, இது யாருன்னு சொல்லு” என்றாள்.

தோளைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள். யாரோ படம் எடுக்கிறார்கள் என்பதுபோலத் தாடையைத் தூக்கி இரண்டு அடி நடந்தாள். நின்றாள். பிடரியைச் சொறிந்தாள். பிறகு கண்ணை எங்கோ ஜன்னல் பக்கம் ஓட்டி, “வந்து... அது என்னன்னா...” என்றாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான்தான் அது. பொய் சொல்லுமுன் பிடரியைச் சொறிவேன் என்று இத்தனை வருடம் எனக்கே தெரியாது. அவள் எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும், இவ்வளவு துல்லியமாகச் செய்ய!

முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை.

“வலிக்குதா?” என்றாள்.

“வலிக்குது.”

“சரி, உட்காரு. இன்னொண்ணு இருக்கு” என்று சொல்லிவிட்டு, மறுபடி தாடையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கத்திலிருந்து நடந்து வர ஆரம்பித்தாள்.