ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

கம்பெனியை விற்றாயிற்று. முதலாளி கேக் வெட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், காரில் ஏறிப் போய்விட்டார். வீட்டோடு படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி இது. வாங்கியவர்கள் பெரிய இடம். நம் சிஸ்டத்தில் இருக்கும் அத்தனை வாடிக்கையாளரையும் அவர்கள் சிஸ்டத்துக்கு மாற்றவேண்டும். நம் சிஸ்டம் என்றால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்?

மாற்றத்தை நடத்தித்தர அங்கிருந்து ஒருவர் வந்திருக்கிறார். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, முகத்திலும் கிடையாது. எங்கள் போன் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் போன் அக்கா பார்த்தவுடனே 'இஸ்திரி' என்று பேர் வைத்துவிட்டார். கேக்கில் வனஸ்பதி வாடை. இன்னும் நாக்கில் நிற்கிறது.

மார்ச் 7, வெள்ளி

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்." எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணுவதை நடுவிலேயே விட்டுவிட்டேன். குடும்பமாம். சாயங்காலம் எங்கள் காபி மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி அங்கீகரித்த மாடல் இல்லையாம்.

மார்ச் 12, புதன்

இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு 'நான்தான் குழப்பிக்கொண்டேனோ' என்று எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

நம் சிஸ்டத்தில் சப்ளையை நிறுத்திவைக்க வழியே கிடையாது. ஆரம்பத்தில் முதலாளியிடம் கேட்டேன். "நிறுத்தறதுக்கு எதுக்கும்மா பட்டன்? விக்கறதுக்குப் போடு" என்றார். ஆனால் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்? செத்துப்போனால்? பேரை அழித்தால் அந்த வீட்டில் இருக்கும் சிலிண்டரும் கணக்கிலிருந்து போய்விடும். அதற்கு வழி கண்டுபிடித்தவர் போன் அக்கா, போன் பிரிவுக்குத் தலைவி. ஞாயிற்றுக்கிழமை நம் வண்டி ஓடாது. அதனால் அவர்களுடைய சப்ளை நாளை ஞாயிறு என்று மாற்றிவிடுவார். ஆள் குணமாகி வீடு திரும்பினால் பழைய கிழமைக்குக் கொண்டுவருவார். திரும்பாவிட்டால், சிலிண்டர் நம்மிடம் திரும்பி வந்துசேரும்வரை ஞாயிறு. "ரெண்டாவது தெரு வாத்தியார் ஞாயிறு ஆயிட்டாருடி" என்பார் என்னிடம். அவர் சும்மா கிழமையை மாற்றுகிற ஆளும் இல்லை. அந்த வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் மாற்றுவார்.

அவர்கள் கம்பெனியில் ஏழு நாளும் வண்டி ஓடும்.

மார்ச் 19, புதன்

இஸ்திரியிடம் சொன்னேன். படம் போட்டே காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டார்.

"சூப்பர் பாயிண்ட் மேடம். ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்."

"சார், முதல் ஞாயித்துக்கிழமையே வண்டி போயிடும்."

"இந்தப் பக்கம் ஞாயிறு வண்டி அடுத்த மாசக் கடைசிக்குத்தான். டென்ஷன் ஆகாதீங்க."

என்னைப் பார்த்து 'டென்ஷன் ஆகாதீங்க' என்று சொல்லும்போது அந்த ஆள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்திலும் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

மறுபடி எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. புது சிஸ்டத்தில் எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி, கை வைக்க முடியாது. நானே சரிசெய்கிறேன், ஒரு மணிநேரம் கொடுங்கள் என்று கேட்டதற்கும் அதே கட்டைவிரல்.

ஏப்ரல் 5, சனி

மாற்றியாகிவிட்டது. மறுபடியும் கேக். நான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பல்கூடத் தேய்க்கவில்லை, அக்காவின் போன். "ஏய், வண்டி போயிருக்குடி! செத்தவங்க வீட்டுக்கெல்லாம் வண்டி போயிருக்கு!"

ஞாயிறு வண்டி மாசக் கடைசிக்குத்தான் என்றாரே அந்த ஆள்! ஓடினேன். அதற்குள் பாதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டிக்கு முன்னாலேயே எல்லார் செல்போனுக்கும் ஒரு செய்தி போயிருக்கிறது: 'மகிழ்ச்சியான செய்தி! உங்கள் மூச்சு வந்துகொண்டிருக்கிறது.' பக்கத்தில் ஒரு சிரிப்பு மூஞ்சி. தூ. யார்டா இதை எழுதினது? எழுதும்போது கை கூசலையா? இந்த வாடிக்கையாளர்கள் யார், எதுக்காக ஆக்சிஜன் வாங்கறாங்கன்னு ஒருத்தனாவது யோசிச்சானா?

வாத்தியார் வீட்டில் அவர் மனைவி கதவைத் திறந்திருக்கிறார். டிரைவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஐயா எந்த ரூம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவர் புது ஆள், அவர்மேல் தப்பில்லை. அந்த அம்மா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாராம். மகன்தான் வந்து டிரைவர் சட்டையைப் பிடித்தானாம்.

அக்காவும் நானும் ஆபீஸைத் திறந்து ஒவ்வொரு வீடாகப் போன் போட்டோம். நான் பேசினால் திட்டினார்கள். அக்கா பேசினால் அழுதார்கள். எனக்குத் திட்டே பரவாயில்லை என்றிருந்தது. இஸ்திரி போனை எடுக்கவே இல்லை. சாயங்காலம் எல்லாருக்கும் அவரிடமிருந்து ஒரு செய்தி: 'அருமையான தொடக்கம், குடும்பமே!'

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒரு வீட்டார் பேப்பருக்குப் போய்விட்டார்கள். அதனால் இப்போது விசாரணை. இஸ்திரி ஒரு அறிக்கை தயார் செய்திருக்கிறார். அதில் ஒரு வரி: 'போன் பிரிவின் தலைவி வாடிக்கையாளர்களின் கிழமையைத் தவறாகப் பதிவு செய்ததோடு, அதை யாருக்கும் தெரிவிக்கவுமில்லை.' கீழே என் பேர், பழைய சிஸ்டத்தின் பொறுப்பாளர் என்று. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

"நான் ரெண்டு தடவை எழுதியிருக்கேனே சார்?"

"நீங்க எழுதினீங்க. அவங்க எழுதலையே?"

அந்த ஆளுக்கு முகம் ஒரு கோடுகூட மாறவில்லை. நான் போட்டால் அக்காவை வெளியே அனுப்புவார்கள், சும்மா அல்ல, தப்புச் செய்ததாக எழுதி அனுப்புவார்கள். அதற்கப்புறம் அவரை எவன் வேலைக்கு எடுப்பான்?

ஏப்ரல் 9, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்.

"போடாட்டி?"

"என்னை அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டுமே. சமாளிக்கலாம்."

"அப்ப போட வேண்டாங்கறீங்க?"

"நான் போடாதேம்பேன். நீ போடாம இருப்பியான்னுதான் தெரியல."

எத்தனை வருஷம் கூட இருந்தும் என்னைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு இந்த மனுஷனுக்கு. கோபத்தில் அவர் தட்டை நான் எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று இஸ்திரி தேன் தடவிப் பேசினார். போன் பிரிவில் அக்கா போக நாலு பெண்கள். நான் போட்டால் அந்த நாலு பேருக்கும் வேலை நிலைக்கும். போடாவிட்டால் தவறு பிரிவு முழுக்க என்று ஆகும், பிரிவையே மூடவேண்டிவரும். இதைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், "அப்பறம் மேடம், ஒருங்கிணைப்புத் தலைவர் போஸ்ட்டுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்" என்றார். அறைகூடத் தயாராம், ஜன்னல் வைத்தது.

இப்படியா வெளிப்படையாக ஒரு ஆளை விலை பேசுவார்கள்? கொஞ்சம் மறைத்தாவது பேசக் கூடாதா?

ஏப்ரல் 11, வெள்ளி

போட்டுவிட்டேன்.

நாலு பேருக்காகத்தான் போட்டேன். காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே போய் அந்த அறையைப் பார்த்தேனே, அது யாருக்காக? ச்சீ.

ஏப்ரல் 15, செவ்வாய்

அக்கா சாமான்களை எடுக்க வந்தார். டம்ளர், கால் வைக்கிற பலகை, ஒரு சால்வை. நாலு பெண்களும் போனைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்கள், எதிர்முனையில் யாரும் இல்லாமலே. அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

"நீயாடி போட்ட?"

"ஆமாக்கா."

"நீதான் அவன்கிட்ட ரெண்டு தடவை எழுதிக் குடுத்தியே?"

"ஆமா."

"அப்பறம்?"

நாலு பேர் கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாய்க்கு ஊரே பயப்படும். ஒரு வார்த்தை திட்டவில்லை.

மே 2, வெள்ளி

போன் பிரிவை மூடிவிட்டார்கள். இனி பதிவு செய்த குரல்தான், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. நாலு பேருக்கும் விஷயத்தை நான்தான் சொல்லவேண்டுமாம். தலைவர் என்றால் அதுதானாம். சொன்னேன். ஒருத்தி, "தேங்க்ஸ் மேடம்" என்றாள். எதற்கென்று தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது.

மே 9, வெள்ளி

கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இஸ்திரியைத் திட்டியே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அவன் வேலையை அவன் செய்தான்.

மே 18, ஞாயிறு

மதியம் அக்காவுக்குப் போன் செய்தேன். வேலை ஏதாவது கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பில் ஆள் எடுக்கிறார்கள், அதையும் சொல்லலாமென்று.

"ஹலோ, யாருங்க?"

என் நம்பரை அழித்துவிட்டார் போல.

"நான்தான்க்கா."

பின்னால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் அக்கா.