பதினாறு நாள் எரிந்த படம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே வெயில். நேற்றோடு கருமாதி முடிந்தது. பந்தல் பிரித்தாயிற்று. திருப்பிக் கொடுக்க வேண்டியவை: நாற்காலி 40 (ஒன்று கால் உடைந்தது, உடைத்தவர் யார் என்று தெரியும், கேட்க மாட்டேன்). அண்டா 2. ஜமுக்காளம் 3. ஐஸ் பெட்டிக்காரர் விட்டுப்போன ஒயர்.

இது சிமெண்டுக் கடையில் கொடுத்த டைரி. இதுவரை எழுதியதெல்லாம் சிலிண்டர் வந்த தேதி, மோட்டாருக்குக் காயில் கட்டிய தேதி. ஜூலை 27 பக்கம் காலி. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் மகள் நித்யா இல்லை. எழுதி வைத்தால்தானா ஞாபகம் இருக்கும்.

சட்டம் போட்ட படம் நேற்றுத்தான் அரியலூர் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. தினமும் "நாளைக்குத் தந்துடுறேங்க" என்ற ஒரே பாட்டு. அதுவரை அவள் போனையே ஸ்டூல்மேல் சாய்த்து வைத்து, முன்னால் விளக்கு. யோசனை அக்காவுடையது. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தவள், இன்னும் கிளம்பவில்லை. "வெளக்கும் அணையக் கூடாது, படமும் அணையக் கூடாதுடா" என்றாள். சார்ஜர் செருகி, வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, தானாக அணையாதபடி வைத்துக் கொடுத்தது நான். இருபத்தொரு வயதுப் பெண் போனில் ஆயிரம் படம். எல்லாவற்றிலும் நாய்க் காது, பூனை மீசை. ஒழுங்காக இருந்தது இது ஒன்றுதான். வேலைக்கு விண்ணப்பம் போட வெள்ளைச் சுவர் முன்னால் நின்று எடுத்தது.

வந்தவர்களெல்லாம் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தொட்டால் அடியில் வெள்ளையாக நாலு குறி வரும். இதயம், அம்பு, பென்சில், குப்பைத்தொட்டி. நானும் தினம் படுக்கும் முன் ஒருதரம் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் படுப்பேன். குறிகளை எப்படிப் போக்குவது என்று தெரியாது. அப்படியே விட்டுவிடுவேன்.

அவள் வைத்த 5.30 அலாரம் பதினாறு நாளும் அடித்தது. அம்மாக்காரி விஜயா நிறுத்த விடவில்லை. இன்று நிறுத்திவிடலாம் என்று போனை எடுத்துக் கடிகாரப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம். அதில் அவள்.

படத்தைத் திறக்கவில்லை. நன்றாகப் பார்த்தேன். வேறு பக்கம் போனேன், அங்கும் இருந்தாள். கால்குலேட்டரில் எண்களுக்குப் பின்னால் இருந்தாள்.

முடி முழுக்க வெள்ளை.

அலாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 13, புதன்

வெயில். மாவு தீர்ந்தது. வி.யிடம் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள். நித்யாவின் சிநேகிதிகள் அனுப்பியதைப் படிக்கத் திறந்திருக்கிறாள். அடுப்படியில் சத்தமே இல்லையே என்று போனால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், போன் மடியில். ரசம் பொங்கி அடுப்பு அணைந்து ஒரே கேஸ் நாற்றம்.

"என்னங்க, இவ கெழவியாயிட்டா."

பழைய ஃபிலிம் சுருளைத் தூக்கிப் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி எல்லாம் மாறிக் கிடக்கிறது. சுவர் மங்கல், முடி வெளுப்பு, முகம் மஞ்சள். எண்பது வயதுக்காரி. ஆனால் மூக்கு அவள் மூக்குத்தான். என் மூக்கு.

அக்கா வந்து பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மஞ்சப் பூசிக்கிட்டு வந்திருக்கா பாரு. கன்னியாப் போனவ எங்கயும் போகல. வூட்டுலயேதான் இருக்கா." உடனே தன் போனை எடுத்து ஜெயங்கொண்டம் முழுக்கச் சொல்லியாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அக்கா வாய்க்கு அண்டா மூடியும் பத்தாது.

டிஸ்ப்ளே கோளாறு என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை, அவளை நான்தான் வீட்டைவிட்டுத் துரத்துகிறேன் என்பதுபோல.

சட்டம் போட்ட படம் சுவரில் இருக்கிறது. மாலை போட்டிருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. கால்குலேட்டரைத் திறந்து அழுதேன். கூப்பிடாமலே வந்து நிற்கிறாள், அதுதான் தாங்கவில்லை.


ஆகஸ்ட் 14, வியாழன்

பதினெட்டு நாள் கழித்து வேலைக்கு. எடை மேடையில் ஒரு மாற்றமும் இல்லை. சுண்ணாம்புக்கல் டிப்பர்கள் ரோடு வரை வரிசை. எப்போதும் எகிறுகிற டிரைவர்கள்கூட இன்று தலை குனிந்து சீட்டு வாங்கிப் போனார்கள். ஒருவன் மட்டும், "அண்ணே, சாப்டீங்களா?" என்றான். பெயர் தெரியாது, வண்டி நம்பர்தான் தெரியும்.

எடை போடும் கம்ப்யூட்டரில் வேறு எந்தப் பக்கம் போனாலும் "வண்டி எண்" என்ற கட்டம் நிழலாக நிற்கும். ஏழு வருடமாக நிற்கிறது. ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மதியம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனோடு பெரம்பலூர் பஸ். நின்றுகொண்டே போனேன். நித்யா போன வருடம் போனுக்குக் கண்ணாடி மாற்றிய கடை, பஸ் ஸ்டாண்டு பக்கம். அப்பாஸ் பாய்க்கு என்னை ஞாபகம் இருந்தது.

"பாப்பா வரலிங்களா?"

சொன்னேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். மெல்ல ஏதோ ஓதினார். டீ வாங்கி வரச் சொன்னார். பிறகுதான் போனைத் தொட்டார்.

"இந்த டிஸ்ப்ளேக்குப் பின்னாடி லைட்டுனு தனியா கெடையாதுங்க. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுது. எது அதிக நேரம் எரிஞ்சுதோ அது தேஞ்சுபோயிடும். அதுலயும் நீலம் சீக்கிரமாத் தேயும், அதான் மஞ்சளடிக்குது. முடி கறுப்புதானே, அந்த எடம் எரியவே இல்ல. புதுசாவே இருக்கு. அதான் பளிச்சுனு வெள்ளையாத் தெரியுது."

மஞ்சளும் இல்லை, நரையும் இல்லை. எரிந்த இடம், எரியாத இடம். அவ்வளவுதான்.

"போயிடுங்களா?"

"ரெண்டு வகை இருக்குங்க. சும்மா தங்கி நிக்கிறது ஒண்ணு. அது அணைச்சு வச்சா போயிடும். நெசமாவே தேஞ்சுபோனது ஒண்ணு. அது போகாது. ரொம்ப வெளிச்சமா எரிஞ்சதுதான் கடைசி வரைக்கும் நிக்கும். இதுல எது எவ்வளவுன்னு ஒரு வாரம் அணைச்சு வச்சாத்தான் தெரியும்." கொஞ்சம் தயங்கி, "டிஸ்ப்ளே மாத்திடவா? புதுசாட்டம் ஆயிடும்."

வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பாய் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தார். விரல் பட்டதும் கீழே நாலு குறியும் வந்தன. மறுபடி தொட்டார், போய்விட்டன. பதினாறு நாள் எனக்குத் தெரியாமல் போனது இவ்வளவுதான்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றும் சத்தம் பள்ளிக்கூடத்தில். மிட்டாய் கொடுத்தார்கள். கடைசி ஆடி வெள்ளி வேறு.

பத்து மணிக்கெல்லாம் ஏழெட்டுப் பெண்கள். மாவிளக்கு, கண்ணாடி வளையல், ஒருத்தி பாவாடைத் துணிகூடக் கொண்டுவந்திருந்தாள். தாம்பாளத்தில் மஞ்சள் பரப்பி, நடுவில் போன், வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்தபடி. ஏற்பாடு அக்கா. ஆளாளுக்கு நாட்டாமை இந்த வீட்டில், நான்தான் வேற்றாள். வி. ஒரு மூலையில்.

மெயின் ரோட்டு வீட்டு அம்மா ஒருவர் குனிந்து போனுக்கு வாய் வைத்துக் கேட்டார்: "தாயி, எம்புள்ளைக்கு எப்ப ஒரு நல்ல எடம் அமையும்னு சொல்லு தாயி."

வேலைக்கு எடுத்த படம் அது. அவள் தனக்குக் கேட்டதே ஒரு வேலைதான். அதுவும் வரவில்லை. அவளிடம் போய் உன் பிள்ளைக்குப் பெண்ணா?

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத வேண்டாம். எல்லோரும் போய்விட்டார்கள். அக்காவும் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்கு. "தெய்வத்த வெரட்டுற வூட்டுல எனக்கென்ன வேல?" மாவிளக்கை எறும்பு மொய்த்தது.

வி. அப்புறம்தான் வாய் திறந்தாள். "அவங்க பண்றது எனக்கும் புடிக்கலிங்க. ஆனா இவ இருக்கட்டும். இவளுக்கு முடி நரைச்சுப் பாக்குற கொடுப்பின நமக்கு இல்லன்னு இருந்தேன். பாத்துட்டேன்ல."

அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாழாத அறுபது வருடத்தையும் யாரோ அவள் தலையில் கொட்டிவிட்ட மாதிரி. போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை.

"ஒரு வாரம் அணைச்சு வைக்கலன்னா போனே செத்துடும்னு பாய் சொன்னாரு" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"தொறந்தா மொகம் அப்படியே இருக்குமா?"

"இருக்கும்."

அவளே அணைத்தாள். நித்யாவின் பச்சைத் துப்பட்டாவில் சுற்றி பீரோவில் வைத்தாள். சாவியை என்னிடம் கொடுத்தாள்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. தூறல். கீழப்பழுவூர் பக்கம் நல்ல மழை என்று பால்காரர்.

5.30-க்கு முழிப்பு. அலாரம் இல்லை. திரும்பிப் பார்த்தால் வி.யும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னும் அஞ்சு நாளா?"

"ஆமா."

நித்யா ஹாஸ்டலில் இருந்தபோது லீவுக்கு வருவதை இப்படித்தான் எண்ணுவாள். அப்போது முறுக்கு சுட மாவு அரைத்து வைப்பாள். இன்று மத்தியானம் எதற்கோ அரிசி ஊறப் போட்டாள், பிறகு எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டாள்.

கொசுவர்த்தி வாங்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டுமாம், பிறகு.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

வானம் மப்பு. வேலையில் தப்பு. ஏற்றிய வண்டியை வெற்று வண்டி என்று பதிந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

வி. ரேஷன் கடைக்குப் போன நேரம் பீரோவைத் திறந்தேன். போனை வெளியே எடுத்தேன். பட்டன்மேல் கட்டைவிரல். இப்போது திறந்தால் பாதியாவது இருப்பாள் என்று ஒரு நினைப்பு. போகட்டும் என்று அணைக்க வைத்தவன் நான்தான், இருக்க வேண்டுமே என்று நடுங்குகிறவனும் நான்தான். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்ய. நரைத்திருந்தால் என்ன, வீட்டில் ஒரு முகம் கூட இருந்தது.

அமுக்கவில்லை. ஏற்கெனவே போயிருந்தால் என்ன செய்வது என்ற பயம். திரும்பச் சுற்றி வைத்தேன்.

மாலையில் வி. சாவி வாங்கிச் சேலை எடுக்கத் திறந்தாள். "துப்பட்டா மடிப்பு மாறியிருக்கு. எடுத்தீங்களா?"

"இல்ல."


ஆகஸ்ட் 22, வெள்ளி

இரவு மழை, காலையில் வெளுப்பு. வி. விடிவதற்குள் குளித்துவிட்டாள். தலை துவட்டக்கூட இல்லை. முதுகெல்லாம் ஈரம். லீவு சொன்னேன்.

சார்ஜ் இருபது சதம் இருந்தது. கோலத்தை வி.தான் போட்டாள், பூட்டைத் திறக்கப் புள்ளிகளை இணைத்து நித்யா வைத்த கோலம். சிநேகிதிகளிடமிருந்து ஒரு வாரத்துச் செய்தி மொத்தமாக வந்து குவிந்தது. டொக் டொக் என்று அது முடியும்வரை காத்திருந்தோம். பிறகு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள்.

முடி இல்லை. மூக்கு இல்லை. பக்கம் முழுக்க லேசாக ஒரு மஞ்சள், பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி. முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அடியில் மட்டும் நாலு குறி. அச்சடித்ததுபோல அத்தனை தெளிவு.

வி. சேலைத் தலைப்பால் துடைத்தாள். மூச்சுவிட்டுத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். கால்குலேட்டரைத் திறந்தாள், கடிகாரத்தைத் திறந்தாள். எங்கே போனாலும் அந்த நாலுதான் கூடவே வந்தது. விரலை இதயத்தில் வைத்தாள். அம்பு. பென்சில். குப்பைத்தொட்டியில் நிறுத்திவிட்டாள்.

பகலில் வந்தவர்கள் தொட்டதில் ஒருவர் விரலில் குறி வந்தால் அடுத்தவர் விரலில் போயிருக்கும். எல்லாரும் படுத்தபின் கடைசியாகத் தொட்டவன் நான். வந்த குறிகளை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தவன் நான். விடிய விடிய அதுதான் எரிந்திருக்கிறது, அவளைவிட வெளிச்சமாக, பதினாறு ராத்திரி. இன்னொருதரம் கன்னத்தைத் தொட்டிருந்தால் போதும்.

"மொகம் அப்படியே இருக்கும்னு சொன்னீங்களே."

நான் துப்பட்டாவை மடித்தேன்.

"அவளக் காணோம், இது மட்டும் எப்படிங்க நிக்கிது? யாரு கொண்டாந்து வச்சா இத?"

தெரியல என்றேன்.