குளத்துக்குள் கட்டிய ஊர்

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வகுப்பறை பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் நீ வைத்துவிட்டுப் போன மஞ்சப்பை அப்படியே இருந்தது. உள்ளே நம்முடைய அளவுக் கயிறு. மீட்டருக்கு ஒன்றாக நீ போட்ட இருபத்தைந்து முடிச்சுகளிலும் குளத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. எடுத்து உதறினேன். தரையெல்லாம் மண் கொட்டியது. இரண்டு வருடமாகியும் குளத்து வாடை போகவில்லை. கழுவிக் காயப்போட்டு வை என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டாயா? வாய்விட்டே உன்னைத் திட்டினேன். பிறகு கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து தரையைக் கூட்டினேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. நாம் பஸ்ஸிலும் வகுப்பிலும் ஓயாமல் பேசித் தீர்த்தவர்கள், எழுதிக்கொண்டவர்கள் இல்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. உன்னோடு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாதம். குற்றாலத்தில் அருவி விழும் இடம் வெறும் பாறையாக நின்றது. நீ சுரண்டையிலிருந்து வந்தாய், நான் தென்காசியிலிருந்து. "சீசன்ல இங்கன கால் வைக்க முடியாது. இப்ப பாரு, மொத்த அருவியும் நமக்குத்தான்" என்று சொல்லி, பழைய காலண்டர் தாளைத் திருப்பி விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாய். ஒரு பருவம் முழுக்க நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து தரையில் கோடு போட்டு ஒரு புது ஊரை உண்டாக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள எல்லாப் பாடமும் அந்த ஊருக்குள்ளேயே வந்துவிட வேண்டும். இதுதான் நம் திட்டம். வீட்டுமனை அளந்தால் சுற்றளவும் பரப்பளவும் வந்துவிடும். தெருவிளக்கு கேட்டு விண்ணப்பம் எழுதினால் தமிழ். கழிவு எங்கே போகும் என்று கேட்டால் அறிவியல். ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் சமூக அறிவியல். ஆங்கிலத்துக்குக் கடைப் பலகைகள்.

நுங்கு தின்றுகொண்டே பன்னிரண்டு வாரத்தையும் கட்டம் கட்டமாக நிரப்பினோம். நுங்குத் தண்ணீர் சொட்டி ஏழாவது வாரம் மட்டும் கலைந்துபோனது. "அந்த வாரத்த சும்மா விடு, ஏதாவது வரும்" என்றாய். தண்ணீர் இல்லாத அருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நமக்கு, 'குடிநீர்' என்று ஒரு கட்டத்தில் எழுதியதற்கு மேல் தண்ணீரைப் பற்றி யோசனையே ஓடவில்லை.

இடம் பார்த்தது நான். இதைக் கொட்டை எழுத்தில் எழுதவேண்டும். பள்ளிக்குப் பின்னால் சுவர் இடிந்த பக்கமாக வெளியே போனால், மேடுபள்ளம் இல்லாமல் ஒரு பெரிய வெளி. ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பார்த்தவுடனே இதுதான் நம் ஊர் என்றேன். நீ குனிந்து தரையைப் பார்த்தாய். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"ஏட்டி, ஊர்க்காரங்க யார்ட்டயாவது ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோமா?"

"கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. நான் இந்தப் பக்கத்துல பொறந்து வளந்தவ, எனக்குத் தெரியாதா?"

நான் பிறந்தது தென்காசியில் மாடி வீட்டில். குளத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவள். வாய்க்கு மட்டும் எப்போதும் குறைச்சல் இல்லை. நீ சிரித்துக்கொண்டே சரி என்றாய்.

தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டதே பெரிய காரியம். "ஒரு பருவம் தாரேன் டீச்சர். காலாண்டுத் தேர்வுக்குள்ள பாடம் முடியலன்னா ஊரைக் காலி பண்ணிரணும்" என்றார். நாமும் கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்கினோம். சுண்ணாம்புப் பொடியால் தெருக்கோடு. செங்கல் துண்டு வைத்து வீடு. மூன்று செங்கலின் மேல் பெயின்ட் வாளியைக் கவிழ்த்தால் அதுதான் மேல்நிலைத் தொட்டி. எல்லாருக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் வீடு வேண்டும், குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒருவருக்கும் வேண்டாம். இரண்டு நாள் சண்டை. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கிடங்குக்கு அடுத்த மனை உனக்கே விழுந்தது. "நாத்தம் தாங்காம நானே கிடங்க மாத்திருவேன்" என்று நீ சொன்னதைக் கேட்டு, மறுநாளே பிள்ளைகள் கிடங்கை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். தெருவுக்குப் பேர் வைக்கும்போது ஒரே ஒரு சட்டம்தான் போட்டாய். சாதிப் பேரும் கூடாது, ஆள் பேரும் கூடாது. அப்படித்தான் நமக்குச் சாரல் தெருவும் நுங்குத் தெருவும் கிடைத்தன. பிள்ளைகள் பெருக்கல் போட்டார்கள், அழித்தார்கள், மறுபடி போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஏழாவது வாரம் வந்தது. மலையில் நாலு நாள் விடாத மழை. திங்கட்கிழமை காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பிள்ளைகள் எதிரே ஓடி வந்தார்கள். "டீச்சர், ஊரு போச்சு! ஊரு போச்சு!" பின்பக்கம் போய்ப் பார்த்தால் சாரல் தெரு இல்லை, நுங்குத் தெரு இல்லை, பஸ் ஸ்டாண்டு இல்லை. கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். நம் மேல்நிலைத் தொட்டி மட்டும் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. நான் ஊர் போட்டிருந்தது குளத்துக்குள். சில வருடமாக நல்ல மழை இல்லாததால் தண்ணீர் அந்தப் பக்கம் ஏறவில்லை, அவ்வளவுதான் விஷயம். பாதிப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஊராட்சித் தலைவியாக ஜெயித்திருந்த முத்துலட்சுமி தேம்பித் தேம்பி அழுதாள்.

தலைமையாசிரியர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இந்த எடத்த யாரு பார்த்தது?"

நான் மிதக்கிற வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வெட்கம்தான் பெரிதாக இருந்தது, வேறு எதுவும் இல்லை. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நான்தான் சார்."

அவர் அதோடு நிறுத்தச் சொன்னார். நீ ஒரு வாரம் அவகாசம் கேட்டாய். வகுப்புக்குள் போய்க் கரும்பலகையில் பெரிதாக எழுதினாய்: 'தப்பு: டீச்சர்கள் யாரையும் கேட்காமல் இடம் பார்த்தது.' பிள்ளைகளுக்கு முன்னால் எதற்கு இது என்று காதோரம் கேட்டேன். "தப்ப பலகையில எழுதிரணும்ட்டி. அழிக்க லேசா இருக்கும்" என்றாய். பிள்ளைகள் அன்றே கிளம்பி, குளத்து மடையைத் திறந்து மூடி வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சியைக் கூட்டிவந்தார்கள். அவர் கம்பை ஊன்றி நடந்து, தண்ணீர் எதுவரை ஏறும் என்று கோடு காட்டினார். ஊர் மேற்கே மேட்டுக்குப் போனது. பாடமும் முடிந்தது, தேர்விலும் பிள்ளைகள் ஒரு குறையும் வைக்கவில்லை. எல்லாரும் சந்தோஷத்தில் குதித்ததும் நீ பலகையை அழித்தாய்.

ஆனால் ஊர்வாயை அழிக்க முடியவில்லையே. டீக்கடையிலும் பஸ்ஸிலும் 'சுரண்டை டீச்சர் குளத்துக்குள்ள கட்டுன ஊரு' என்று ஒரு கேலி ஓட ஆரம்பித்தது. நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தேனே, அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போல் இருக்கிறது.

போன வருடம் ஊர் எழவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். நீ திருநெல்வேலிக்கும் சுரண்டைக்குமாக அலைந்தாய். தை மாதம் வீட்டுக்கு வந்து உன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அந்த எடத்த பாத்தது நான்தானட்டி. நீ ஏன் ஒன் தலையில போட்டுக்கிட்ட?"

உனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கண்ணால் சிரித்தாய். "யாரு பாத்தா என்ன, அது கெடக்கட்டும். அடுத்த ஊர எங்கன போடப் போற, அதச் சொல்லு."

மாசியில் நீ போய்விட்டாய்.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். இந்த வருடம் மறுபடி ஊர் போடுகிறேன் என்று காலண்டர் தாளோடு தலைமையாசிரியரிடம் போனேன். "ரெண்டு பேரு இழுத்த தேரு டீச்சர். ஒத்தையில வேண்டாம்" என்றார். நான் விடுகிற ஆளா? பெற்றோர் கூட்டத்தில் கேட்டு முடிவு செய்யலாம் என்று சம்மதிக்க வைத்தேன். நம் வகுப்பிலேயே கூட்டம். நான் எழுந்து திட்டத்தைச் சொல்லி வாய் மூடவில்லை, ஆட்டோ ஓட்டுகிற ஒரு தகப்பனார் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எது, சுரண்டை டீச்சர் குளத்துக்குள்ள கட்டுனாங்களே, அந்த ஊரா?"

கூட்டமே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் நீ அங்கே இல்லை, அவர்களோடு சேர்ந்து சிரிக்கக்கூட நீ இல்லை. நான் இப்போதும் வாயை மூடிக்கொண்டால் உன் பேர் இந்த ஊரில் காலத்துக்கும் அந்தக் கேலியோடுதான் நிற்கும். வாயைத் திறந்தால் திட்டம் போச்சு. குளத்துக்குள் ஊர் போட்டவளை நம்பி யார் மறுபடி பிள்ளையை அனுப்புவார்கள்?

சுண்ணாம்புக்கட்டியை எடுத்தேன். பலகையில் எழுதினேன்: 'தப்பு: இடம் பார்த்தது நான். யாரையும் கேட்கவில்லை.' எழுதிவிட்டுத் திரும்பி, எழுதியதை உரக்கப் படித்தேன்.

"அந்த டீச்சர் கேப்போம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். பழிய அவங்க வாங்கிக்கிட்டாங்க, நான் பாத்துக்கிட்டு நின்னேன். இனிமே சிரிக்கணும்னா என்னப் பாத்துச் சிரிங்க. அவங்களச் சொல்லாதீங்க."

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சி எழுந்தார். இந்த வருடம் அவர் பேத்தி நாலாம் வகுப்பு.

"கேக்கலன்னு சொல்லாதீங்க டீச்சர். அந்த டீச்சரு எங்கிட்ட வந்து கேட்டாங்க."

"எப்ப அண்ணாச்சி?"

"நீங்க கோடு போட்ட மறுநாளு. மடைப்பக்கம் தனியா வந்து கேட்டாங்க. நல்ல வருசம்னா அங்கன தண்ணி ஏறும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. 'எங்க டீச்சரு ரொம்ப ஆசையா பாத்த எடம் அண்ணாச்சி, யார்ட்டயும் சொல்லிராதீங்க. தண்ணி வந்தா நான் பாத்துக்கிடுதேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."

அடிப்பாவி!

தெரிந்தா வைத்திருந்தாய்? தெரிந்துதான் ஆறு வாரம் என்னோடு சேர்ந்து கயிறு பிடித்தாயா? 'நான்தான் சார்' என்று நீ சொன்னபோது எனக்காகப் பொய் சொல்கிறாய் என்றல்லவா நினைத்தேன்! இரண்டு வருடமாக ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேனே, கட்டிலில் கிடக்கும்போதுகூட ஒரு வார்த்தை சொன்னாயா? என் ஆசைக்காகக் குளத்தோடு பந்தயம் கட்டித் தோற்றவள் நீ. அத்தனை பேருக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் பதறி எழுந்து, "டீச்சர், நான் வெளாட்டுக்குத்தான் கேட்டேன்" என்றார். பிறகு பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "சரி, இந்த வருசம் எந்த எடம்?" என்றார்.

"அத நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னது ஒன்று மட்டும் பலித்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு மணி நேரம். கிழக்கே என்றார்கள், ரேஷன் கடைப் பக்கம் என்றார்கள், ஒரு அம்மா தன் வீட்டுக் களத்தையே தருகிறேன் என்றார். இந்த மண் வழுக்கும், அங்கே ஆடு விடுவார்கள் என்று ஒருவர் சொன்னதை இன்னொருவர் வெட்டினார். வேண்டாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. தலைமையாசிரியர் கடைசியில் கையைத் தூக்கிவிட்டார். "சரி டீச்சர். ஒரு பருவம் தாரேன்."

எல்லாரும் போன பிறகு பலகையின் முன்னால் நின்றேன். 'நான்' என்பதையும் 'யாரையும் கேட்கவில்லை' என்பதையும் கையால் அழித்துவிட்டு 'நாங்கள் இரண்டு பேரும்' என்று எழுதினேன். உன் மேல் எந்தப் பழியையும் தள்ளவில்லை. உன் பங்கைக் கொடுத்தேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து, யார் டீச்சர் அந்த இரண்டு பேர் என்று கேட்டார்கள். உன் கதையிலிருந்துதான் பருவத்தைத் தொடங்கினேன்.

புது ஊருக்கு மேட்டில் முதல் கோடு நேற்றுப் போட்டோம். கயிற்றின் ஒரு முனை என் கையில், மறுமுனையை அண்ணாச்சியின் பேத்தி பிடித்திருந்தாள். சேறு ஒட்டிய முடிச்சுகளை நான் கழுவவில்லை. எழுதினால் அழிக்க லேசு என்று சொன்னாய். இன்றைக்கு ஐந்தாவது நாள், கரும்பலகையில் அந்த வரி இருக்கிற மூலையை மட்டும் விட்டுவிட்டுத்தான் பாடம் எழுதுகிறேன்.